பலியும் புலியும்: மாற்றப்பட்ட மக்ரோக்களின் வரலாறு பற்றி ஒரு குறிப்பு

சென்ற வருட இளவேனிலில், புலம்பெயர் சிற்றிதழ்கள் பற்றி ஆய்வு செய்துவரும் ஒரு மாணவியிடமிருந்து எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. தொண்ணூறுகளில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஜேர்மனியிலிருந்து நடத்திய இதழின் கோப்புகளை அவர் ஒருங்குறியில் படித்திருக்கிறார். 1998இல் வந்த ஓர் இதழில், விமானக் குண்டுவீச்சில் இறந்துபோன ஒரு கிராமத்து மக்களின் பெயர்ப்பட்டியலை வெளியிட்டிருந்தோம். ஊரிலிருந்து ஒருவர் கையால் எழுதி, மூன்று கைகள் மாறி எங்களிடம் வந்து சேர்ந்த பட்டியல் அது. பெயர், வயது, தொழில். வயதுகளில் ஒன்று நான்கு. பட்டியலின் தலைப்பு அம்மாணவியிடமிருந்த பிரதியில் 'புலியானவர்கள்' என்று இருந்தது.

"அங்கிள், இந்தத் தலைப்பை நீங்கள் வேண்டுமென்றே வைத்ததா? அரசாங்கத்தின் மொழியை அதற்கே திருப்பிக் காட்டுவதற்காகவா? இதைப் பற்றி என்ரை ஆய்விலே நாலு பக்கம் எழுதியிருக்கிறன்" என்று கேட்டிருந்தார்.

நாங்கள் வைத்த தலைப்பு 'பலியானவர்கள்'. கிண்டலும் இல்லை, எதிர்மொழியும் இல்லை. அந்த 'பு' எப்படி வந்ததென்பதை அவருக்கு இரண்டு வரியில் எழுதிவிடலாமென்றுதான் உட்கார்ந்தேன். இரண்டு வரியில் முடியவில்லை. அதற்குள் ஒரு சிறு வரலாறு இருக்கிறது. எமது எழுத்துகள் கணனிக்குள் புகுந்த காலத்தின் வரலாறு. எமது மட்டுமல்லாமல், சொற்செயலிகளை நம்பி வேலை செய்த எல்லா அலுவலகங்களினதும் வரலாறு. கொல்லப்பட்ட பொதுமக்களைப் புலிகளென்று அறிவிப்பது அன்றைய அரச அறிக்கைகளில் புதிய விடயமல்ல. இறந்தவர்கள் எல்லோரையும் தம்மவர்களாக்கிக் கொள்ள விரும்பியவர்களுக்கும் அந்தத் தலைப்பு வசதியானதே. இரண்டு தரப்புக்கும் உதவக்கூடிய ஒரு சொல் எமது இதழின் பெயரில் உலாவுவதால் இதைத் தனிக்கடிதமாக வைத்திருக்க எனக்கு மனம் வரவில்லை.

மக்ரோ என்பது, திரும்பத் திரும்பச் செய்யும் ஒரு வேலையைக் கணனி தானே செய்யும்படி எழுதிவைக்கும் கட்டளைத் தொடர். நான் முதன்முதலில் அதைக் கண்டது வேர்ட்பேர்ஃபெக்ற் சொற்செயலியில். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், பிறிகம் யங் பல்கலைக்கழகத்தின் அலன் ஆஷ்ரன் என்னும் ஆசிரியரும் புறூஸ் பாஸ்ரியன் என்னும் அவரது மாணவரும் 1979இல் ஓரெம் என்ற சிறு நகரத்தின் நகரசபைக்காக எழுதிய மென்பொருளிலிருந்து வளர்ந்தது அது. 1989இல் வெளியான அதன் 5.1ஆம் பதிப்பை உலகின் பாதி வழக்கறிஞர்கள் வைத்திருந்தார்கள் என்று சொன்னால் மிகைதான். ஆனால் அகதி வழக்குகளுக்காக நாங்கள் ஏறி இறங்கிய அலுவலகங்களில் அந்த நீலத்திரையைக் காணாதவர்கள் குறைவு. அப்படியான ஓர் அலுவலகத்தில்தான் நான் மொழிபெயர்ப்பாளனாகவும் தட்டச்சாளனாகவும் அரைநாள் வேலை பார்த்தேன்.

அந்தப் பதிப்பின் மக்ரோ ஒரு விசைப்பதிவு. கொன்ற்றோலையும் எஃப் 10ஐயும் சேர்த்து அழுத்தினால் அது எங்கள் விரல்களைக் கவனிக்கத் தொடங்கும். பின்பு நாங்கள் அழுத்தியவற்றை அப்படியே திரும்ப அழுத்தும். என்ன செய்கிறோம் என்பது அதற்குத் தெரியாது. எதை அழுத்தினோம் என்பது மாத்திரம் தெரியும். 'மூன்றை அழுத்து' என்று பதிந்திருந்தால் அந்த மூன்றின் பொருள், அக்கணத்தில் திரையில் எந்தப் பட்டியல் திறந்திருக்கிறதோ அதைப் பொறுத்தது. ஆங்கிலப் பதிப்பில் 'ஆம்' என்பதற்கு அழுத்தும் எழுத்து வேறு, ஜேர்மன் பதிப்பில் வேறு. நண்பர் வீட்டு ஆங்கிலக் கணனியில் பதிந்த மக்ரோவை அலுவலகத்து ஜேர்மன் கணனிக்குக் கொண்டுபோய் அவமானப்பட்ட அனுபவம் எனக்குண்டு.

1993இல் வந்த 6.0ஆம் பதிப்பு இந்த முறையை மாற்றியது. விசைகளுக்குப் பதிலாகச் செயல்களுக்குப் பெயர் வந்தது. பழைய மக்ரோக்களைப் புதியவையாக்க ஒரு மாற்றுநிரலும் கூடவே வந்தது. விரலசைவிலிருந்து நோக்கத்தை ஊகிப்பது எவராலும் முழுமையாக இயலாத காரியம், மாற்றுநிரலாலும் இயலவில்லை. பட்டியலொன்று திறந்திருக்குமென்று நம்பி அழுத்தப்பட்ட எண், பட்டியல் இல்லாத இடத்தில் வெறும் எண்ணாகக் கடிதத்துக்குள் விழும். எங்கள் அலுவலகத்தில் 27 வயதான ஒரு யாழ்ப்பாணத்து இளைஞர் ஒரு காலை முழுவதும் 327 வயதுக்காரராக இருந்தார். செயலாளர் அம்மணி வாய்விட்டுச் சிரித்தார், திருத்தினோம், முடிந்தது.

அந்த 327ஐ நான் இப்போது நன்றியுடன்தான் நினைக்கிறேன். கண்ணுக்குத் தெரிந்த பிழை அது.

இதற்கிடையில் காற்று வேறு பக்கம் திரும்பியிருந்தது. வேர்ட்பேர்ஃபெக்ற் 1994இல் நொவெல் நிறுவனத்தின் கைக்கும் 1996இல் கனடாவின் கோரெல் நிறுவனத்தின் கைக்கும் மாறிற்று. அலுவலகங்கள் மைக்ரோசொஃப்ற் வேர்ட்டுக்குத் தாவின. வேர்ட்டின் விண்டோஸ் பதிப்பில் 1989 முதலே வேர்ட்பேசிக் என்ற மக்ரோமொழி இருந்தது. 1993இன் வேர்ட் 6இல் அது நன்றாக வளர்ந்து நின்றது. எமது இதழையும் அதில்தான் தொடங்கினோம்.

வேர்ட்பேசிக்கில் எனக்கு அதிசயமாகப் பட்ட ஒன்றை இங்கு சொல்லவேண்டும். அது பயனாளரின் மொழியைப் பேசியது. ஆங்கில வேர்ட்டில் 'எடிற்ரிப்ளேஸ்' என்ற கட்டளை ஜேர்மன் வேர்ட்டில் 'பெயார்பைற்றன்எர்ஸெற்சன்'. ஆங்கிலத்தில் 'ஃபைல்சேவ்அஸ்' என்று இருந்தது ஜேர்மனில் 'டட்டைஷ்பைஷர்ன்உன்ரர்', பிரெஞ்சில் 'ஃபிஷியேஆன்ரெஜிஸ்த்ரேசூ'. பாரிஸ் நண்பர் தாளில் எழுதி அனுப்பிய மக்ரோவை நான் இங்கே அப்படியே அடித்தால் ஓடாது. 1995இல் உலகெங்கும் பரவிய 'கொன்செப்ற்' என்ற முதல் பெரிய மக்ரோ வைரசுக்கும் இதே கதிதான். 'ஃபைல்சேவ்அஸ்' என்ற ஆங்கிலப் பெயரை நம்பியிருந்ததால் வேற்றுமொழிப் பதிப்புகளில் அது தடுமாறியது. பிறகு எவரோ மெனக்கெட்டு அதற்குப் பிரெஞ்சு வடிவம் செய்தார்கள். ஆக, வைரசுக்கும் மொழிபெயர்ப்பாளன் தேவைப்பட்ட காலம் அது.

இவ்வளவு மொழிகள் பேசிய அந்தச் சொற்செயலிக்குத் தமிழ் என்றொரு மொழி இருப்பது தெரியாது. ஒருங்குறியில் 1991இலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டுவிட்டது என்பது உண்மை. அது நாங்கள் வைத்திருந்த கணனிகளுக்கு வந்து சேரவில்லை. விண்டோஸ் 2000தான் தமிழை முறையாகக் காட்டிய முதல் விண்டோஸ். அதுவரை நாங்கள் ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உடுப்புப் போட்டு அனுப்பினோம். எங்களிற் பலர் பாவித்த பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று எழுத ஆங்கில ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி ஆகிய ஐந்து விசைகளை அழுத்தவேண்டும். திரையில் 'தமிழ்' தெரியும். கோப்புக்குள் இருப்பது அந்த ஐந்து ஆங்கிலக் குறிகள்தான். பொருளற்ற ஆங்கிலமாகவே கணனி அதைக் கண்டது.

பாமினியின் ஒரு வசதி, உகர எழுத்துகளை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் வைத்தது. சின்ன கே 'ம', பெரிய கே 'மு'. சின்ன ஜே 'த', பெரிய ஜே 'து'. சின்ன ஜி 'ப', பெரிய ஜி 'பு'. கைப்பழக்கத்துக்கு அருமையான ஏற்பாடு. ஆனால் வேர்ட் 6இலிருந்து ஓட்டோகரெக்ற் என்றொரு வசதியும் இருந்தது. வாக்கியத்தின் முதலெழுத்தைச் சிறியதாக அடித்தால் அது தானாகவே பெரியதாக்கிவிடும். ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு உபகாரம். எங்களுக்கோ, 'மக்கள்' என்று வாக்கியத்தைத் தொடங்கினால் 'முக்கள்' ஆகும், 'தமிழர்' என்று தொடங்கினால் 'துமிழர்' ஆகும். இதழின் முதலாவது வடிவமைப்பிலேயே இந்தத் தொல்லையைக் கண்டு, வார்ப்புருவைத் திறந்தவுடன் அந்த வசதியை அணைத்துவிடும் ஒரு மக்ரோவை எழுதி வைத்தேன். பெயர் ஓட்டோஓப்பின். அப்பெயரை வைத்தால் எவரும் கேட்காமலே அது ஓடும். நாலு வருடம் அது தன் வேலையைச் செய்தது. அப்படியொன்று இருப்பதையே நாங்கள் மறந்துபோனோம்.

1998இல் ஒரு நண்பர் தன் வேலையிடத்தில் கழித்துவிட்ட கணனியொன்றைக் கொண்டுவந்தார். அதில் வேர்ட் 97. அந்தப் பதிப்பில் மைக்ரோசொஃப்ற் வேர்ட்பேசிக்கைக் கைவிட்டு, விசுவல் பேசிக் ஃபோர் அப்ளிகேஷன்ஸ் என்ற மொழிக்கு மாறியிருந்தது. பழைய வார்ப்புருவைத் திறந்தால் மக்ரோக்கள் தாமாகவே மாற்றப்பட்டன. மாற்றப்பட்ட முறை விசித்திரமானது. புதிய மொழியின் இலக்கணத்தில் அவற்றைத் திரும்ப எழுதவில்லை; பழைய கட்டளை ஒவ்வொன்றின் முன்னாலும் 'வேர்ட்பேசிக்' என்ற சொல்லையும் ஒரு புள்ளியையும் போட்டு, பழைய மொழியைப் புதிய மொழிக்குள் ஒரு விருந்தாளியாக உட்காரவைத்தார்கள். எனது ஜேர்மன் கட்டளைகளெல்லாம் ஆங்கிலமாகி நின்றன. புதிய மொழி எல்லா நாட்டவர்க்கும் ஆங்கிலத்திலேயே வந்தது. ஜேர்மன்காரர் ஒருவர் இதைப் பற்றிக் குறைப்பட்டபோது எனக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் எழுந்ததை மறைக்கமாட்டேன்.

முதல்நாள் இரவு மக்ரோக்கள் வரிசையாக நின்றன. 16 பிற் விண்டோசுக்கென எழுதப்பட்ட நூலகக் கோப்பை அழைக்கும் வரி நின்றது, ஓர் உரையாடற் பெட்டியைக் கையாளும் வரி நின்றது. நின்ற இடமெல்லாம் மஞ்சள் கோடு விழுந்தது. விழுந்த இடத்தைத் திருத்தினேன். விடியப்புறம் நாலு மணிக்கு எல்லாம் ஓடின. ஓட்டோஓப்பின் ஒரு முறைப்பாடும் செய்யவில்லை. அதைத் திறந்து பார்க்கவேண்டுமென்று எனக்குத் தோன்றவேயில்லை.

அந்த மக்ரோவின் முதலாவது வரி நான் எழுதியது: பிழை ஏதும் வந்தால் நேரே முடிவுக்குப் போ. அப்படி எழுதியதற்கு ஒரு காரணம் இருந்தது. மக்ரோவின் நடுவில், பிற எழுத்துருக்களைப் பாமினியாக்கும் அட்டவணைக் கோப்பொன்றை அது வாசிக்கவேண்டும். எங்களுடன் தட்டச்சு செய்த அக்கா ஒருவரின் வீட்டுக் கணனியில் அந்தக் கோப்பு இருக்கவில்லை. ஒவ்வொரு முறையும் பிழைச்செய்தி வர அவர் பயந்துபோய் எனக்குத் தொலைபேசி எடுப்பார். செய்தி வராமற் செய்துவிட்டால் போதுமென்று நினைத்தேன். வேர்ட் 6 தன்னை 'வின்வேர்ட்' என்ற அடைவுக்குள் வைத்துக்கொள்ளும்; அட்டவணையும் அங்கேதான். புதிய கணனியில் அந்த அடைவே இல்லை. ஆகவே மக்ரோ அட்டவணையைத் தேடியது, பாதை காணப்படவில்லை என்ற 76ஆம் இலக்கப் பிழையைச் சந்தித்தது, நான் சொல்லிவைத்தபடியே ஒருவருக்கும் சொல்லாமல் முடிவுக்குப் போனது. ஓட்டோகரெக்ற்றை அணைக்கும் வரி அட்டவணைக்குக் கீழே இருந்தது.

மாற்றுநிரல் இங்கே ஒரு தவறும் செய்யவில்லை. எனது கட்டளையை எழுத்துக்கு எழுத்துக் காப்பாற்றித் தந்தது. மாறியது தரை. மாற்றத்தில் நின்றுபோகும் மக்ரோவால் ஓர் இரவுத் தூக்கம்தான் கெடும். நிற்காமல் ஓடிவிடும் மக்ரோ என்ன செய்தது என்பதை வருடங்கள் கழித்து இன்னொருவர் வந்து கேட்கவேண்டியிருக்கிறது.

அந்த இதழை அக்கா இந்தப் புதிய கணனியில் அடித்தார். கையெழுத்தைப் பார்த்து அடிப்பவர், திரையைப் பார்ப்பதில்லை. ஒப்புநோக்கும்போது 'முக்கள்' வந்தது, 'துமிழர்' வந்தது, சிவப்புப் பேனாவால் வட்டமிட்டோம். இப்படியான பொருளற்ற சொற்கள் கண்ணை உறுத்தும். உகரம் ஏறியும் பொருள் தரும் சொற்கள்தான் தப்பிவிடும். 'கடி' 'குடி' ஆகும், 'தணிவு' 'துணிவு' ஆகும், 'மடிந்தது' 'முடிந்தது' ஆகும். 'பலி' 'புலி' ஆகும். தமிழில் இப்படி எத்தனை சோடிகள் இருக்கின்றன என்று அன்று நான் நினைத்துப் பார்த்ததில்லை.

அச்சகத்துக்குக் கொடுக்கும் நாளன்று ஒரு நண்பர் தலைப்பைக் கண்டார். சத்தம் போடவில்லை, தாளை என் முன்னால் வைத்து விரலால் தொட்டுக் காட்டினார். அச்சுப்பொறியில் மை தீர்ந்திருந்தது, கடை பூட்டியிருந்தது. வேறொரு பக்கத்திலிருந்து அதேயளவு 'ப' ஒன்றை வெட்டி, பசை தடவி ஒட்டினோம். அன்றைக்கு நாங்கள் எல்லோரும் செய்யும் வேலைதான் அது. இதழ் 'பலியானவர்கள்' என்றே அச்சாகி வெளிவந்தது. மறுவாரம் ஓட்டோஓப்பினைத் திறந்து, பிழையை விழுங்கும் அந்த வரியை நீக்கி, எஃப் 8 விசையால் வரிவரியாக நடத்திப் பார்த்தபோது முழுக்கதையும் தெரிந்தது. மக்ரோவைத் திருத்தினேன். பட்டியல் இருந்த கோப்பைத் திருத்தவில்லை. அச்சாகிவிட்ட இதழின் கோப்பை எவர் திரும்பத் திறக்கப்போகிறார்?

நானேதான் திறந்தேன். 2006இல் பிளொப்பிகள் பழுதாகத் தொடங்க, எல்லா இதழ்களையும் ஒருங்குறியாக்க முடிவு செய்து இன்னொரு மக்ரோ எழுதினேன். பாமினியில் 'ஐ'காரக் கொம்பும் ஒற்றைக்கொம்பும் மெய்யெழுத்துக்கு முன்னால் அடிக்கப்படும். ஒருங்குறியில் அவை மெய்யெழுத்துக்குப் பின்னால் வரவேண்டும். 'கொ' என்பதில் முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இருப்பவற்றை ஒன்றாக்கவேண்டும். கட்டுரைக்குள் வரும் உண்மையான ஆங்கிலச் சொற்களைத் தொடக்கூடாது. எழுத்துருவின் பெயரைத் தவிர அவற்றைப் பிரித்தறிய வேறு அடையாளமில்லை. அந்தப் பெயரும் சில கணனிகளில் 'பாமினி'யை ஒரு 'ஏ' போட்டும் சிலவற்றில் இரண்டு 'ஏ' போட்டும் எழுதப்பட்டிருந்ததால், மக்ரோ சில பந்திகளைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப்போனது. இவற்றையெல்லாம் மூன்று மாதம் உட்கார்ந்து திருத்தினேன். பெரிய ஜி 'பு' ஆகவேண்டும்; மக்ரோ அதைப் பிசகாமல் 'பு' ஆக்கியது. கேட்டவர்களுக்கெல்லாம் அனுப்பினேன். மாணவியிடம் போய்ச் சேர்ந்தது அதிலொன்று. தாளுடன் ஒப்புநோக்கவில்லை. மாற்றியது சரியா என்று பார்த்தேனே தவிர மாற்றக் கொடுத்தது சரியா என்று பார்க்கவில்லை.

இந்தக் கதையை இங்குள்ள நண்பர்களிடம் சொன்னபோது இரண்டு விதமான பதில்கள் வந்தன. ஒருவர் சொன்னார்: தாளிலும்தான் பிழை மலிந்து கிடக்கிறது, கணனியைக் குற்றம் சொல்லி என்ன பயன்? உண்மைதான், எமது இதழ்களின் எழுத்துப்பிழைகளுக்குத் தனிப் புத்தகம் போடலாம். ஆனால் தாளிலுள்ள பிழை நாங்கள் ஐந்து பேரும் பார்த்து, விட்ட பிழை. கோப்பிலுள்ளது நாங்கள் பார்த்து, மறுத்த பிழை. ஒரு வரலாற்று மாணவருக்கு இவ்விரண்டும் ஒன்றாக இருக்கமுடியாது. மற்றவர் சொன்னார்: பேசாமல் திருத்திவிடு, ஓர் எழுத்துத்தானே. இதைத்தான் நான் கூடுதலாக எதிர்க்கிறேன். அந்தப் பிள்ளை நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். பேசாமல் திருத்தினால், நாளைக்கு எவராவது அவரது மேற்கோளைச் சரிபார்க்கும்போது பொய் எழுதியவராக அவரே நிற்பார். தவிரவும், இப்படியொரு சொல்லைச் சத்தமின்றி மாற்றிவிட்டார்கள் என்று எமக்குள் ஒரு கதை கிளம்பினால் அது எங்கே போய் நிற்கும் என்பதை நம்மவர்களின் கடந்தகாலம் தெரிந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. கோப்பு கோப்பாகவே இருக்கட்டும், பக்கத்தில் தாளின் படத்தையும் வைத்து, எது எப்படி வந்ததென்று ஒரு குறிப்பும் எழுதுவோம் என்பது என் நிலைப்பாடு. 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் சேகரித்துவரும் 'நூலகம்' போன்ற முயற்சிகள் தாளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைப்பதைத் தேடலுக்கு வசதியில்லை என்று குறைசொன்னவர்களில் நானும் ஒருவன். இப்போது அப்படிச் சொல்லமாட்டேன்.

மக்ரோக்களின் கதை இன்னமும் முடியவில்லை. 2022இல் மைக்ரோசொஃப்ற், இணையத்திலிருந்து வரும் கோப்புகளிலுள்ள மக்ரோக்களை ஓடவிடாமல் தடுக்கத் தொடங்கியது. 'கொன்செப்ற்' வந்து 27 வருடங்களின் பின். எனது பழைய வார்ப்புருவைப் புதிய கணனியில் திறந்தால் ஒன்றும் ஓடாது. ஆனால் 'வேர்ட்பேசிக்' என்ற அந்த விருந்தாளி இன்னமும் வேர்ட்டுக்குள் இருக்கிறார், அழைத்தால் பேசுகிறார்.

மாணவிக்கு அச்சுப்பிரதியின் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினேன். ஒட்டுத்தாளையும் தேடி எடுத்தேன். பசை காய்ந்து, ஒட்டிய 'ப' உதிர்ந்துபோயிருக்கிறது. கீழே 'பு' தெரிகிறது. அதையும் படமெடுத்து அனுப்பினேன். "நாலு பக்கத்தையும் எடுக்கேல்லை அங்கிள், திருப்பி எழுதுறன்" என்று பதில் வந்தது.

அந்தக் கணனியில் மக்ரோ திருத்தப்படுமுன் அடிக்கப்பட்ட மற்றக் கட்டுரைகளையும் கோப்புடன் தாளை வைத்து ஒப்பிட்டு வருகிறேன். இதுவரை பொருள் மாறும் இடங்கள் ஆறு கண்டிருக்கிறேன். ஒன்று, ஒரு கவிதையின் முதற்சொல். அதற்கடுத்த இரண்டு இதழ்களின் தாட்பிரதி என்னிடமில்லை. இதழின் பெயரை இங்கு எழுதவில்லை. எங்களை அறிந்தவர்களுக்கு அது தெரியும். 1998இன் பிற்பகுதியில் வந்த அவ்விதழ்கள் எவரிடமாவது இருந்தால், முதற்பக்கத்தையும் கவிதைப் பக்கங்களையும் படமெடுத்து இவ்விதழின் முகவரிக்கு அனுப்பிவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.